மூடுபனிக்குள் ஓர் ஊர்: பழைய கேமை ரீமேக் செய்தால் ரசிகர்கள் ஏன் பதறுகிறார்கள்?

மனைவி இறந்து மூன்று வருடம் ஆன ஒருவனுக்கு அவளிடமிருந்தே ஒரு கடிதம் வருகிறது. நம் இருவருக்கும் பிடித்த அந்த இடத்தில் உனக்காகக் காத்திருக்கிறேன் என்கிறது கடிதம். நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல், ஏரிக்கரையில் இருக்கும் அந்தச் சிறிய ஊருக்கு அவன் கிளம்பிப் போகிறான். ஊரில் ஆள் நடமாட்டமே இல்லை. தெரு முழுக்க மூடுபனி. நாலடி தள்ளி என்ன நிற்கிறது என்று தெரியாது. சட்டைப்பையில் இருக்கும் ரேடியோ கரகரத்தால், பக்கத்தில் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

கொனாமி நிறுவனம் 2001-இல் பிளேஸ்டேஷன் 2-க்காக வெளியிட்ட ‘சைலன்ட் ஹில் 2’ இப்படித்தான் தொடங்குகிறது. திகில் கேம்களில் எது சிறந்தது என்ற பேச்சு எழுந்தால் இன்றும் முதல் சில பெயர்களில் இது வந்துவிடும். ஜேம்ஸ் சண்டர்லேண்ட் என்ற அந்த மனிதனின் கதையை ரீமேக் செய்யப்போகிறார்கள் என்ற அறிவிப்பு 2022 அக்டோபரில் வந்தது. அதைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் பெரும்பாலானோர் அதே மூச்சில் பயப்படவும் செய்தார்கள். ஒரு பழைய கேமைப் புதிதாக்குவது என்றால் என்ன, அதில் எது கெட்டுப்போகலாம் என்பதைப் புரிந்துகொள்ள, நான் அந்த மூடுபனியிலிருந்தே தொடங்குகிறேன்.

தொடரின் முதல் கேம் 1999-இல் முதல் பிளேஸ்டேஷனில் வந்தது. அந்த எந்திரத்தின் முதன்மை நினைவகம் 2 எம்.பி. மட்டுமே. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதற்குள் அடங்காது. இவ்வளவு சிறிய இடத்தை வைத்துக்கொண்டு ஒரு முழுத் தெருவை முப்பரிமாணத்தில் வரைய முடியாது. அதனால் ஆடுபவருக்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் வரைந்து, மிச்சத்தைப் பனியாலும் இருட்டாலும் மூடினார்கள். செய்து பார்த்தபோது, அந்த மறைப்பே கேமின் உயிராகிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் பூதத்தைவிட, பனிக்குப் பின்னால் இருக்கலாம் என்று நாமே நினைத்துக்கொள்ளும் பூதம்தான் கூடுதலாகப் பயமுறுத்தியது. இரண்டாவது கேமுக்கு 32 எம்.பி. நினைவகம் கிடைத்தது. அப்போதும் அவர்கள் பனியைக் கைவிடவில்லை. அதை இன்னும் அடர்த்தியாக, சுருள் சுருளாக நகரும்படி செதுக்கினார்கள்.

அப்படியானால் பனி ஒரு குறைபாடா, கலையா? ரீமேக் செய்ய உட்காரும் ஒவ்வொரு குழுவும் இந்த வகைக் கேள்வியை நூற்றுக்கணக்கான முறை எதிர்கொள்ள வேண்டியிருக்கும். பழைய கேமில் இருந்த எது வேறு வழியில்லாமல் செய்தது, எது விரும்பிச் செய்தது, எது வேறு வழியில்லாமல் செய்யப்போய்ப் பிறகு அதுவே அழகானது? இந்தப் பிரித்தறிதலில் தவறு நடந்துவிடும் என்பதுதான் ரசிகர்களின் பயத்துக்கு வேர் என்று நினைக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காகச் சில சொற்களைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேமை மாற்றமில்லாமல் வேறொரு எந்திரத்தில் ஓடும்படி செய்தால் அது ‘போர்ட்’. அடிப்படை அதேதான், ஆனால் படத்தைத் துலக்கி, ஒலியைச் சீர்செய்து, இன்றைய திரைக்கு ஏற்பத் தருகிறார்கள் என்றால் ‘ரீமாஸ்டர்’. 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தின் பிரதியைச் சுத்தம் செய்து டிஜிட்டலில் 2012-இல் மறுபடி திரையிட்டார்களே, அதை இதற்கு நிகராகச் சொல்லலாம். நடித்தவர் அதே சிவாஜிதான், வசனம் அதே வசனம்தான். ‘ரீமேக்’ என்பது அஸ்திவாரத்திலிருந்து மறுபடி கட்டுவது. கதையும் பாத்திரங்களும் பழையவை. நிரல், படம், நடிப்பு, கேமரா, சண்டை முறை எல்லாம் புதியவை. இந்த வேறுபாடு தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். ரீமாஸ்டர் என்று விற்பதில் ஒருவர் எதிர்பார்ப்பது நம்பகத்தன்மையை. ரீமேக்கில் எதிர்பார்ப்பது புரிதலை.

நிறுவனங்கள் ஏன் இதைச் செய்கின்றன என்பதில் பெரிய மர்மம் இல்லை. ஒரு பெரிய கேமை உருவாக்கப் பல வருடங்களும் பெரும் பணமும் ஆகின்றன. பெயர் ஏற்கெனவே தெரிந்த ஒன்றில் அந்தப் பணத்தைப் போடுவது பாதுகாப்பானது. அதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். ரசிகர்களுக்கும் நியாயமான ஆசைகள் உண்டு. பழைய எந்திரம் பழுதாகிப் பரணில் கிடக்கிறது. பழைய கட்டுப்பாடுகள் இன்றைய விரல்களுக்குப் படியவில்லை. தான் பதின்மூன்று வயதில் உணர்ந்ததைத் தன் தம்பி தங்கைக்கோ பிள்ளைக்கோ காட்ட வேண்டும், ஆனால் அவர்கள் அந்தக் கட்டம் கட்டமான முகங்களைப் பார்த்ததும் எழுந்து போய்விடுகிறார்கள். இந்த ஆசைகளை நிறைவேற்றிய ரீமேக்குகளும் இருக்கின்றன.

கேப்காமின் ‘ரெசிடென்ட் ஈவில் 2’ அதற்கு நல்ல உதாரணம். 1998-இல் வந்த மூலத்தில் கேமரா அறையின் மூலையில் அசையாமல் நிற்கும். திரும்பினால் என்ன வரும் என்று தெரியாது. அந்தத் தெரியாமைதான் பயம். 2019 ரீமேக்கில் கேமராவை ஆடுபவரின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தார்கள். பயம் போய்விடும் என்று பலர் கவலைப்பட்டார்கள். கேப்காம் குழு தொலைத்ததற்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்தது. தொப்பியும் நீண்ட கோட்டும் அணிந்த ஒரு ராட்சத உருவம் காவல் நிலையம் முழுக்க உங்களைத் தேடி நடக்கும். அதன் காலடிச் சத்தம் மேல்மாடியிலிருந்தோ அடுத்த அறையிலிருந்தோ கேட்டுக்கொண்டே இருக்கும். முன்பு கண்ணுக்கு மறைத்து உண்டாக்கிய பயத்தை இப்போது காதுக்குக் கேட்கவைத்து உண்டாக்கினார்கள். பழையதை நகலெடுக்காமல், அது எதற்காக இருந்தது என்று யோசித்திருக்கிறார்கள். ரீமேக் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இனி எதிர்ப்பக்கம். இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே வரப்போகும் கேம் நம்மில் பலருக்கு உறவினர் மாதிரி.

‘ஜி.டி.ஏ.’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ தொடரில் ‘சான் ஆண்ட்ரியாஸ்’ வந்தது 2004-இல், கணினிக்கு 2005-இல். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் நான்கு கணினிகள் இருந்தால் இரண்டில் அது ஓடும், ஒன்றில் அதே தொடரின் ‘வைஸ் சிட்டி’ ஓடும். ஹெசோயாம் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அதைத் தட்டச்சு செய்தால் உயிரும் கவசமும் இரண்டரை லட்சம் டாலரும் வரும் என்பது கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கும். கதையை முடித்தவர்கள் குறைவு. சைக்கிளை எடுத்துக்கொண்டு மவுன்ட் சிலியாட் மலை உச்சிக்கு ஏறி, அங்கிருந்து குதிப்பதற்கே ஒரு மணி நேரக் காசு கரைந்துவிடும். அந்த உச்சியில் நின்று பார்த்தால் தூரம் எல்லாம் ஒரு மங்கலான, மஞ்சள் கலந்த புகைமூட்டமாகத் தெரியும். அதற்கு அப்பால் எங்கோ நகரங்கள் இருக்கின்றன என்று மனம் நம்பியது. உலகம் முடிவே இல்லாதது போல இருந்தது.

2021 நவம்பரில் ‘ஜி.டி.ஏ. 3’, ‘வைஸ் சிட்டி’, ‘சான் ஆண்ட்ரியாஸ்’ மூன்றையும் ரீமாஸ்டர் செய்து ஒரே தொகுப்பாக ராக்ஸ்டார் வெளியிட்டது. வேலையைச் செய்தது குரோவ் ஸ்ட்ரீட் கேம்ஸ் என்ற வேறொரு நிறுவனம். புதிய எந்திரங்களுக்கு வலு அதிகம் என்பதால், தூரத்தை மறைத்த அந்த மூட்டத்தை விலக்கிவிட்டார்கள். மலை உச்சியில் நின்றவர்கள் பார்த்தது என்ன தெரியுமா? லாஸ் சான்டோஸ் இதோ இங்கே, சான் ஃபியரோ இதோ அங்கே, பாலைவன நகரம் அதற்குப் பக்கத்தில். மூன்று நகரங்களும் ஒரு மேசையில் வைத்த பொம்மைகள் போல நெருக்கிக்கொண்டு நின்றன. வரைபடத்தின் அளவு ஒரு அடிகூட மாறவில்லை. பனி போனதும் உலகம் சுருங்கிவிட்டது. அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. சிறு வயதில் பெரிதாகத் தெரிந்த வீட்டுக்கு வளர்ந்தபின் திரும்பிப் போய் நிற்கும்போது வருமே, அந்தத் துக்கம்.

இன்னொரு சிறிய விஷயம், என்னைப் பொறுத்தவரை இதுதான் மொத்தக் கதையையும் சொல்கிறது. அந்தத் தொகுப்பில் ஒரு டோநட் கடை உண்டு. பெயரிலேயே ‘நட்’ என்ற சொல்லை வைத்து விளையாடியிருப்பார்கள். பலகையில் இருப்பது போல்ட்டில் மாட்டும் இரும்பு நட்டு, ஆறு பக்கங்களோடு. டோநட்டும் வட்டம், நட்டும் ஏறக்குறைய வட்டம் என்பதுதான் வேடிக்கை. புதிய வடிவத்தில் அந்த நட்டின் மூலைகள் எல்லாம் மழமழவென்று உருண்டையாகிவிட்டன. படம் கூர்மையானது, வேடிக்கை செத்துப்போனது. அது ஏன் அறுகோணமாக இருந்தது என்று அந்தக் கட்டத்தில் யாரும் கேட்கவில்லை. பழைய படங்களைத் தானியங்கி முறையில் பெரிதாக்கியதில் கடைப் பலகைகள் பலவற்றில் எழுத்துகளும் பிழையாகின. மழை பெய்தால் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள் இறங்கி எதிரே எதுவும் தெரியவில்லை.

ராக்ஸ்டார் சில நாட்களிலேயே மன்னிப்புக் கேட்டது, திருத்தங்களும் வந்தன. 2024 நவம்பரில் வந்த ஒரு பெரிய திருத்தத்தில், பழைய கேமின் வெளிச்சத்தையும் வானத்தையும் நினைவூட்டும் ஓர் அமைப்பைச் சேர்த்தார்கள். அந்தப் பழைய வெளிச்சம் திரும்ப மூன்று வருடம் ஆனது.

ராக்ஸ்டார் தனித்துத் தவறவில்லை. ‘சைலன்ட் ஹில்’ ரசிகர்கள் இதே பாடத்தை ஒன்பது வருடம் முன்பே படித்துவிட்டார்கள். தொடரின் இரண்டாம், மூன்றாம் கேம்களை 2012-இல் உயர்தெளிவுத் தொகுப்பாக வெளியிட்டார்கள். அந்த வேலையை எடுத்த குழுவிடம் முழுமையான இறுதி நிரல் போய்ச் சேரவில்லை. கேம் வெளிவந்தபின் அதன் கடைசி நிரலை யாரும் பத்திரப்படுத்தி வைத்திருக்கவில்லை. கிடைத்த அரைகுறை நிரலை வைத்து, முன்பே தீர்க்கப்பட்டிருந்த பிழைகளை அவர்கள் மறுபடி தீர்க்க வேண்டியிருந்தது. பனி மெலிந்துபோனது. ஜேம்ஸ் படகில் ஏரியைக் கடக்கும் காட்சியில், தண்ணீர் எங்கே முடிகிறது என்ற விளிம்பே கண்ணில் பட்டது. மரப்பலகையில் தேய்ந்த எழுத்தாக இருந்த ஓர் அறிவிப்பு, குழந்தைகளின் பிறந்தநாள் அழைப்பிதழில் வரும் காமிக் சான்ஸ் எழுத்தில் பளிச்சென்று நின்றது. அந்தப் பலகையின் படம் ரசிகர்களிடையே ஒரு குறியீடாகவே ஆகிவிட்டது. இனி யார் தொட்டாலும் இப்படித்தான் ஆகுமோ என்ற அச்சம் அங்கே விதைக்கப்பட்டது.

எனவே 2022 அறிவிப்பில் உருவாக்குநர் பெயரைப் பார்த்ததும் பதறியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மூலத்தைச் செய்த ஜப்பானியக் குழு கலைந்து பல வருடம் ஆகிவிட்டது. ரீமேக் போனது போலந்தின் கிராக்கோவில் இருக்கும் புளூபர் டீமுக்கு. அவர்கள் ‘லேயர்ஸ் ஆஃப் ஃபியர்’, ‘தி மீடியம்’ போன்ற திகில் கேம்களைச் செய்தவர்கள். அவற்றில் பெரும்பாலும் நடந்து பார்த்துப் பயப்படுவதுதான் வேலை, சண்டை மிகக் குறைவு. மனக்காயம், குற்றவுணர்வு போன்றவற்றை உரக்கச் சொல்லிவிடுகிறார்கள் என்ற புகாரும் அவர்கள் மேல் இருந்தது. ‘சைலன்ட் ஹில் 2’ எதையும் உரக்கச் சொல்லாத கேம். அந்த ஊர் உள்ளே வருபவர் மனதைப் பார்த்து உருவம் எடுக்கும். ஜேம்ஸ் ஏன் இந்தப் பூதங்களைப் பார்க்கிறான் என்று கேம் விளக்காது, நாமாகப் புரிந்துகொள்ளும்போது முதுகு சில்லிடும். அதைத் தெளிவாக்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் எல்லாம் போச்சு. முதலில் வந்த முன்னோட்டங்களில் சண்டைக் காட்சிகளை முன்னால் வைத்ததும், ஜேம்ஸின் முகம் உணர்ச்சியில்லாமல் தெரிந்ததும் கவலையைக் கூட்டின.

2024 அக்டோபர் 8 அன்று கேம் வந்தது. முதல் அரை மணி நேரத்திலேயே, பயத்தில் இறுகியிருந்த என் தோள்கள் தளர்ந்தன. பாழடைந்த கழிவறையில் கண்ணாடி முன் நின்று ஜேம்ஸ் தன் முகத்தைப் பார்க்கிறான், பழைய கேமில் போலவே. பிறகு ஊருக்கு இறங்கும் அந்தக் காட்டுப்பாதை. மூலத்தில் அந்தப் பாதை வேண்டுமென்றே நீளமாக அமைக்கப்பட்டிருந்தது. எதுவுமே நடக்காது, நடந்துகொண்டே இருக்க வேண்டும். திரும்பிப் போக நினைத்தாலும் அவ்வளவு தூரம் யார் நடப்பது என்று தோன்றும் வரை நடக்க வேண்டும். இன்றைய அவசரத்தில் அதை வெட்டிவிடுவார்கள் என்றே நினைத்தேன். வெட்டவில்லை. பனியும் இருந்தது. இப்போதைய எந்திரங்களுக்கு அந்த மறைப்பு தேவையே இல்லை. இருந்தும் அதை அடர்த்தியாக, மரங்களுக்கிடையே ஊர்ந்து வருவதாக வைத்திருந்தார்கள். மூலத்துக்கு இசையமைத்த அகிரா யமாவோகா, பூதங்களுக்கு உருவம் கொடுத்த மசஹிரோ இட்டோ இருவரும் இந்த முறையும் பணியாற்றினார்கள். அந்தக் கைகள் இருந்ததன் பலன் தெரிகிறது.

மூலத்தில் முக்கியமாக இருந்த சில இடங்களை நெருங்கினால், ஏதோ நினைவு தட்டுவது போன்ற ஒரு சிறு சைகையையும் புதிய கேமில் வைத்திருக்கிறார்கள். முதல்முறை ஆடுபவருக்கு அது ஒரு விநோதம். பழையவர்களுக்கு, நீ இங்கே முன்பே வந்திருக்கிறாய் என்று ஊரே சொல்வது போலிருக்கும்.

எனக்குக் குறைகளும் உண்டு. நீளம் மூலத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மருத்துவமனை, சிறைச்சாலைப் பகுதிகளில் சண்டைகள் அடுத்தடுத்து வந்து, பயம் களைப்பாக மாறுகிறது. இங்கேயும் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது. பழைய கேமில் கூரையின் மூலையிலிருந்து ஜேம்ஸை யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல ஒரு கோணம் வரும். அந்த யாரோ இப்போது இல்லை. பழைய குரல் நடிப்பு கொஞ்சம் தட்டையாக, தூக்கத்தில் பேசுவது போல இருக்கும். அதை மோசமான நடிப்பு என்பவர்கள் உண்டு. எனக்கு அது கனவின் மொழி. புதிய நடிகர்கள் நன்றாகவே நடித்திருக்கிறார்கள், கனவுதான் கொஞ்சம் கலைந்துவிட்டது. ஆனாலும் இது புரிந்துகொண்டு செய்த வேலை. 2025 ஜனவரிக்குள் 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

இன்னொரு வகை ரீமேக் உண்டு. பழையதோடு வாதம் செய்யும் ரீமேக். 1997-இல் மூன்று குறுந்தகடுகளில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ கேமை ஸ்கொயர் எனிக்ஸ் மூன்று பெரிய கேம்களாகப் பிரித்து மறுபடி செய்கிறது. 2020-இல் வந்த முதல் பகுதி, மூலத்தில் சில மணி நேரத்தில் முடிந்துவிடும் மிட்கர் என்ற ஒரே நகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு முழுக் கேமாக விரித்தது. இரண்டாம் பகுதி 2024-இல் வந்தது. முதல் பகுதியிலேயே சாம்பல் நிறப் போர்வை போர்த்திய ஆவிகள் வரும். கதை ரசிகர்களுக்குத் தெரிந்த தடத்தைவிட்டு விலகினால், அந்த ஆவிகள் பாய்ந்து வந்து நிகழ்வுகளைப் பழைய தடத்துக்கே தள்ளும். முதல் பகுதியின் முடிவில் நாயகர்கள் அந்த ஆவிகளோடு சண்டையிடுகிறார்கள். அப்படியே இருக்க வேண்டும் என்ற ரசிகர்களின் ஆசையையே ஒரு பாத்திரமாக்கிவிட்டார்கள் என்று பலர் இதைப் படித்தார்கள், நானும் அப்படித்தான். துணிச்சலான யோசனை. ஆனால் தன் சிறுவயதுக் கதையை மறுபடி பார்க்க மட்டும் ஆசைப்பட்டு, அதற்காகப் பல வருடம் காத்திருந்தவருக்கு அது ஏமாற்றமாக இருந்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

கடைசியாக ஒரு கவலை, என் கணக்கில் இதுவே பெரியது. ரீமேக் மோசமாக வந்தால் பழையதை ஆடிக்கொள்ளலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எப்போதும் அது முடிவதில்லை. 2002-இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ கேமை 2020 ஜனவரியில் ‘ரீஃபோர்ஜ்ட்’ என்ற பெயரில் பிளிசார்ட் புதுப்பித்து வெளியிட்டது. 2018-இல் காட்டி வாக்களித்தபடி புதுக் காட்சிகள் முழுமையாக வரவில்லை, பழையதில் இருந்த சில வசதிகளும் காணாமல்போயின. அதைவிட வலித்தது இதுதான்: புதியதை வாங்காமல் பழையதையே வைத்திருந்தவர்களும் இணையத்தில் ஆட வேண்டுமென்றால் புதிய நிரலுக்குத்தான் மாற வேண்டியிருந்தது. விரும்பியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பழைய கேமை எப்படித் திருப்பித் தருவது? ஜி.டி.ஏ. தொகுப்பு வெளிவருவதற்கு முன்பும் பழைய மூன்று கேம்களையும் டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். கொதிப்பு எழுந்த பிறகுதான் கணினிக்கான பழைய வடிவங்கள் ராக்ஸ்டார் கடைக்குத் திரும்பின. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று முறையான விற்பனையில் இல்லை என்று, கேம் வரலாற்றைப் பாதுகாக்கும் ஓர் அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நூலகம் இல்லாத ஊரில் புத்தகத்தின் சுருக்கப் பதிப்பு மட்டும் விற்பது போன்ற நிலைமை இது.

‘சைலன்ட் ஹில் 2’ கதையும் இங்கே வந்துதான் நிற்கிறது. 2024 ரீமேக்கை இன்றே வாங்கி ஆடலாம். 2001-இல் வந்தது எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமென்றால், பழைய வட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். கணினிக்காக வந்த பழைய வடிவத்தை ரசிகர்கள் சிலர் எடுத்து, சம்பளம் எதுவும் இல்லாமல், பல வருடங்களாகச் சீர்செய்துகொண்டிருக்கிறார்கள். ‘என்ஹான்ஸ்ட் எடிஷன்’ என்று அதற்குப் பெயர். இன்றைய அகலத் திரைகளில் ஓடும்படி செய்தார்கள், ஒலிகளைச் சரிசெய்தார்கள். கணினி வடிவத்தில் சிதைந்திருந்த மூடுபனியையும் பிளேஸ்டேஷன் 2-இல் இருந்தபடியே திரும்பக் கொண்டுவந்தார்கள்.